மாடியா, பட்டறையா?

"என்ன திருடு போச்சு?" என்று கேட்டார் அருளானந்தம் சார்.

"வட்டம்" என்றார் மருதப்பன்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சங்கிலித் திருட்டு, சைக்கிள் திருட்டு, ஒருமுறை கல்யாண வீட்டில் பிரியாணி அண்டா காணாமல் போனது வரை பார்த்தாகிவிட்டது. வட்டத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

"சதுரமெல்லாம் பத்திரமா இருக்கா சார்?" என்று கேட்டேன்.

மருதப்பன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இந்தம்மா யாரு?"

"கண்மணி. என் அசிஸ்டென்ட். வாய் கொஞ்சம் நீளம். கண்ணு நல்லா வேலை செய்யும்" என்றார் சார். இது பாராட்டா திட்டா என்று நான் யோசிப்பதற்குள் அவர் பட்டறைக்குள் நடந்துவிட்டார்.

சாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன கிடங்குகளைப் பார்த்து நெருப்பு தானாகப் பிடித்ததா, யாராவது பற்ற வைத்ததா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். இப்போது டன்லப் ஸ்ட்ரீட்டில், மசாலா அரைக்கும் மில்லுக்கு மேலே ஆபீஸ். ஆபீசுக்குப் பின்னாலேயே வீடு. குடும்பம் என்று சொல்ல ஒரு மேசை விசிறி. எனக்கு ரோவல் ரோட்டில் ஓரறை வீடு, அதில் விசிறியும் ரிப்பேர். அவரும் தனி, நானும் தனி. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. நான் வாயாடுவேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார், பொழுது போய்விடும்.

அது 1987. ஊரெங்கும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் ஏர்கான் காற்று போவதற்குத் தகரக் குழாய் வேண்டும். அந்தக் குழாய்களுக்கான தகடுகளை வெட்டிக் கொடுப்பதுதான் மருதப்பன் தொழில். கிராஞ்சிக்கு உள்ளே தள்ளி, பஸ் வந்தால் வந்தது வராவிட்டால் போனது என்கிற சாலையில் அவருடைய பட்டறை இருந்தது. கீழே நெருப்பால் தகடு வெட்டும் மெஷின், மேலே வரைபட ஆபீஸ்.

பட்டறை மூலையில் வெட்டி முடித்த மிச்சத் தகடுகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். வேண்டிய துண்டுகளை எடுத்த பிறகு சல்லடை மாதிரி நிற்கிற தகடுகள். மருதப்பன் ஒன்றை இழுத்துப் போட்டார்.

"இந்தா பாருங்க. இது எல்போ, குழாய் வளையற இடத்துக்கு, இது குழாய் மூட்டு, இதெல்லாம் என் ஆர்டர். இடையில இருக்கிற இந்த வட்ட ஓட்டைங்க? எந்த டிராயிங்லயும் கிடையாது. என் மெஷின்ல, என் தகட்டுல, எவனோ வட்டம் வட்டமா வெட்டி எடுத்துட்டுப் போறான்."

"யாருன்னு நினைக்கிறீங்க?"

"நினைக்கிறது என்ன, ஜார்ஜ்தான். மெஷின் ஓட்டுறவன். இதுக்கு முன்னாடி வேலை பாத்த கம்பெனில குழாய்க்கு வட்ட மூடி செஞ்சு விக்கிறாங்க. அங்கதான் போகுது. ஷிஃப்ட் முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. போலீஸுக்குப் போன் பண்ணப் போறேன். ஜொகூர்க்காரன், பக்கத்து நாட்டு ஆளு. வேலை பெர்மிட் போச்சுன்னா பாலத்தைத் தாண்டிப் போனவன் போனவன்தான்."

"ஆளைத் தெரிஞ்சு வெச்சிக்கிட்டு எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றேன்.

மருதப்பன் பெருமூச்சு விட்டார். விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது.

அவர் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். மாடியில் இருப்பது 'கேட்', அதாவது படம் வரைகிற கம்ப்யூட்டர். பட்டறையில் இருப்பது 'கேம்', வரைந்ததை எப்படி வெட்டுவது என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கிற கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை மாட்டிக்கொண்டது. தையல்காரர் துணியை வெட்டுவதற்கு முன்னால் கை, காலர், பாக்கெட் எல்லாவற்றையும் துணி வீணாகாதபடி நெருக்கிப் போட்டுப் பார்ப்பாரே, அந்த வேலை. தகட்டில் செய்தால் அதற்குப் பெயர் நெஸ்டிங். இரண்டு கம்ப்யூட்டரிலும் அதைச் செய்யலாம். அங்கேதான் வந்தது வினை.

"மாடியில ஆம்ப்ரோஸ். அவர் ஒரு தடவை அடுக்குவாரு. கீழ ஜார்ஜ் அதைக் கலைச்சு மறுபடி அடுக்குவான். அவர் இது டிராயிங் வேலைம்பாரு. இவன் இது கட்டிங் வேலைம்பான். வருஷம் பூரா இதே ரோதனை. நேத்து ரெண்டு பேரையும் கூப்பிட்டு, இந்த வட்டத்தை யார் போட்டதுன்னு கேட்டேன். அவர் சொல்றாரு, நெஸ்டிங் மாடி வேலை, என் பொறுப்புன்னு. இவன் சொல்றான், நெஸ்டிங் பட்டறை வேலை, என் பொறுப்புன்னு. திருட்டு போன வீட்டுலயும் பங்காளிச் சண்டை. இவங்களை வெச்சிக்கிட்டு நான் போலீஸ்கிட்ட என்னத்தைச் சொல்ல?"

சார் தலையை ஆட்டினார். "முதல்ல மாடி" என்றார்.

மாடி அறையில் ஆறு வரைபலகைகள் இருந்தன. ஐந்தின் மேல் துணி போர்த்தியிருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்த ஐந்து பேரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது, பாதி சாப்பிட்டு மீதி ஆறிக் கிடந்தது. பேச ஆள் இல்லாமல் சாப்பிட்டால் எனக்கும் அப்படித்தான் பாதியிலேயே போதும் என்று ஆகிவிடும்.

"ஆம்ப்ரோஸ் அங்கிள், நெஸ்டிங் யார் வேலை?" என்று கேட்டேன்.

"என் வேலை. படத்துல ஒரு கோடு இருந்தா அது மாடியில இருந்து போன கோடு. அந்தத் தகட்டுல எது இருந்தாலும் நான்தான் பொறுப்பு. முதலாளிகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"அது திருட்டுன்னு சொல்றாங்களே?"

"அதனாலதான் சொல்றேன்" என்றவர், அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை.

ஜன்னல் திண்டில் ஒரு ஆர்க்கிட் செடி இருந்தது. மண் தொட்டி, ஆனால் பக்கவாட்டில் கீறல் கீறலாகத் திறந்திருந்தது.

"அங்கிள், தொட்டி உடைஞ்சு போச்சு. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "ஆர்க்கிட் தொட்டி அப்படித்தான் இருக்கும்மா. வேருக்குக் காத்து வேணும். நம்ம ரவூப் வாங்கிட்டு வந்தாரு, பழைய தகடு எடுக்க வர்ற லாரிக்காரர்."

"வீட்டுல வைக்கலாமே?" என்று சார் கேட்டார்.

"வீட்டுல யாரு பாக்கப் போறா? என் சம்சாரம் பிலோமினம்மாள் போனதுக்கு அப்புறம் மார்சிலிங் வீடு ராத்திரி தூங்குறதுக்கு மட்டும்தான்."

"பிள்ளைங்க?"

ஆம்ப்ரோஸ் தொட்டியைக் கொஞ்சம் வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தார். "வேலை கிடக்கு சார்" என்றார்.

மாடிப்படி நடுவில் ஒரு பிஸ்கட் டப்பா ஆணியடித்து மாட்டியிருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பிகள். வரைந்ததை ஆம்ப்ரோஸ் ஃப்ளாப்பியில் போட்டு டப்பாவில் வைப்பார், ஜார்ஜ் வந்து எடுத்துக்கொண்டு போவான். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே கூரைக்குக் கீழே வருஷக்கணக்கில் இப்படி இருந்திருக்கிறார்கள்.

ஜார்ஜுக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் போனபோது மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"நெஸ்டிங் பட்டறை வேலைதான் சார். தகட்டுல நெருப்பு எங்க பத்தணும், எங்க முடியணும்னு மேல இருக்கிறவங்களுக்கு என்ன தெரியும்? வட்டம் இருந்தா அது நான் வெட்டினது."

"ஷிஃப்ட் முடிஞ்சதும் போலீஸ் வரும்னு தெரியுமா?" என்றார் சார்.

"தெரியும் சார்."

"வீட்டுல?"

"ஜொகூர்ல பொண்டாட்டி, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. சனிக்கிழமை போனா ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்." குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "அவங்ககிட்ட இன்னும் சொல்லல."

சார் மெஷினைக் காட்டினார். "ஒரு துண்டு வெட்டிக் காட்டு" என்றார்.

ஜார்ஜ் பொத்தானை அழுத்தினான். நெருப்பு முனை தகட்டின் மேல் வந்து நின்றது. துண்டின் கோட்டில் அது தொடங்கவில்லை. கோட்டுக்கு வெளியே, வீணாகிற இடத்தில் சுரீரென்று துளைத்தது, அப்புறம்தான் நகர்ந்து கோட்டுக்குள் வந்து சுற்றியது. துளைத்த இடத்தில் கரிந்துபோன ஒரு கொப்புளம் நின்றது. துண்டை எடுத்துப் பார்த்தால் நாலு பக்கமும் சுத்தம். கொப்புளம் மிச்சத் தகட்டோடு போய்விட்டது.

"முதல்ல துளைக்கிற இடம் அசிங்கமாத்தான் வரும் சார். அதனால நமக்கு வேண்டாத பக்கத்துல துளைப்போம்."

"நமக்கு வேண்டாத பக்கம்" என்று சார் மெதுவாகத் திருப்பிச் சொன்னார்.

அவர் மூலையில் இருந்த மிச்சத் தகடுகளிடம் போய்க் குனிந்தார். எல்போ வெட்டிய ஓட்டையின் ஓரத்தில் ஒரு கொப்புளம். மூட்டு வெட்டிய ஓட்டையின் ஓரத்திலும் அப்படியே. அடுத்து, திருடு போன வட்டத்தின் ஓட்டை. சார் விரலை உள்ளே விட்டு ஓரத்தைச் சுற்றி ஒரு முறை தடவினார். இன்னொரு ஓட்டை. இன்னொன்று.

"கண்மணி, இங்க கை வெச்சுப் பாரு."

வைத்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில்கூடக் கொப்புளம் இல்லை.

"அப்போ கொப்புளம் எங்க சார்?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும்" என்றவர், பட்டறையின் பின்வாசலில் இருந்த இரும்புத் தொட்டியைக் காட்டினார். மெஷினுக்குக் கீழே விழுகிற துண்டு துணுக்குகளை எல்லாம் அதில்தான் கொட்டுவார்கள்.

"நல்ல புடவை சார்."

"புதுசு வாங்கிக்கலாம்."

"போன கேஸுக்கும் இதையேதான் சொன்னீங்க." புலம்பிக்கொண்டே முந்தானையைச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு வட்டத் தகடு. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே கூட்டமாக. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரிந்த கொப்புளம். காணாமல் போன வட்டங்கள் எல்லாம் அங்கே குப்பையில் நிம்மதியாகப் படுத்திருந்தன. களவு போன பொருளைக் குப்பைத் தொட்டியில் தேட மருதப்பனுக்கு எப்படித் தோன்றும்?

"சார், இதை யாரும் எடுத்துட்டே போகலையே."

"உளுந்து வடை சுடும்போது நடுவுல விரலை விட்டு ஓட்டை போடுறோம். வடை வேணும், ஓட்டை வேண்டாம். இங்க எல்லாரும் வடையத் தேடுறாங்க." சார் வட்டத் தகட்டை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "இந்த ஆளுக்கு வேணும்னு இருந்தது ஓட்டை. அப்போ ஓட்டை எங்க போகுதுன்னு பாக்கணும்."

ஓட்டை போகிற இடம் என்றால் மிச்சத் தகடு போகிற இடம். மிச்சத் தகடு போவது ரவூப் லாரியில்.

நல்லவேளையாக லாரி வாசலிலேயே நின்றது. ரவூப் பாய் கோப்பியை உறிஞ்சியபடி எல்லாவற்றையும் சொன்னார். "உருக்குறதுக்குத்தான் போடுவேன். நல்லா முழுசா நிக்கிற தகட்டை மட்டும் ஆர்க்கிட் பண்ணைக்குக் கொடுப்பேன் லா. இங்கதான், உள்ள திரும்பினா வந்துடும். பண்ணைக்காரப் பொண்ணு அதை வெச்சு செடிக்கு மேடை போட்டிருக்கு."

"லாரில நீங்க மட்டும்தான் போவீங்களா?" என்று சார் கேட்டார்.

"சாயங்காலமா ஜார்ஜ் வருவாரு. மார்சிலிங்லதான் ரூம். இந்த ரோட்டுல பஸ்ஸ நம்ப முடியுமா?"

சாரின் பழைய காரில் லாரியின் பின்னாலேயே போனோம். மருதப்பன் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் சார் எப்போதும் போலத்தான் ஓட்டினார். அதாவது, சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

பண்ணை பெரியது இல்லை. கறுப்பு வலைப் பந்தலுக்குக் கீழே வரிசையாக மரச்சட்டங்கள், சட்டங்கள் மேல் தகடுகள். ஒவ்வொரு வட்ட ஓட்டையிலும் ஒரு மண் தொட்டி, கழுத்துவரை இறங்கி உட்கார்ந்திருந்தது. பக்கவாட்டில் கீறல் போட்ட தொட்டி. கீழிருந்து காற்று, மேலிருந்து வெளிச்சம். எல்போ வெட்டிய பெரிய ஓட்டைகள் வழியாகக் கொடிகள் இறங்கின. அளவெடுத்துச் செய்தால்கூட இவ்வளவு பாந்தமாக வராது. நான் சாரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஜன்னல் திண்டில் இருந்த அந்தச் செடி ஞாபகம் வந்துவிட்டது.

முப்பது வயதுக்காரி ஒருத்தி கையில் கரித்தூளோடு வந்தாள். பெயர் பெட்டி; சாமான் வைக்கிற பெட்டி இல்லை, இங்கிலீஷ்காரப் பெயர். புருஷன் மாணிக்கம் பூ கொடுக்க டவுனுக்குப் போயிருக்கிறாராம்.

"இந்தத் தகடெல்லாம் நல்லா அமைஞ்சிருக்கே" என்றார் சார்.

"குப்பையில வர்றதுதானே சார். கிடைச்சதை வெச்சு ஓட்டறோம்."

"அப்பா என்ன பண்றார்?"

அவள் முகம் மூடிக்கொண்டது. "எதுக்குக் கேக்கறீங்க?" அப்புறம் அவளே சொன்னாள். "பேர் ஆம்ப்ரோஸ். நான் மாணிக்கத்தைக் கட்டிக்கிட்டது மாதா கோயில்ல இல்ல, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. அன்னையிலிருந்து அப்பா பேசறது இல்ல. அம்மா சாவுக்குப் போனேன். கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு வந்துட்டேன்."

எனக்கு ஒரு கேலியும் வாயில் வரவில்லை. பெற்ற மகளே அம்மா சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போக முடியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றால், அதில் வேடிக்கை என்ன இருக்கிறது?

சார் மேடைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தார். எல்லாம் வழவழப்பு. கோடியில் இருந்த பழைய மேடையில் மட்டும் நின்றார். அந்த ஒரு தகட்டில் ஓட்டைகளின் ஓரத்தில் கொப்புளம் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்த தொட்டிகளில் இரண்டு விரிசல் விட்டிருந்தன.

"இதுதான் முதல்ல வந்த தகடா?"

"ஆமா. அது கையைக் கூடக் கிழிச்சிடுச்சு. அப்புறம் வந்ததெல்லாம் நல்லா இருக்கு."

"கண்மணி, கிளம்பு. கேஸ் முடிஞ்சுது" என்றார் சார்.

"எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றபடி ஓடினேன்.

மருதப்பன் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சார் ஆம்ப்ரோஸையும் ஜார்ஜையும் அறைக்குள் அழைத்துவரச் சொன்னார். இருவரும் ஆளுக்கொரு சுவரோரமாக நின்றார்கள். சார் குப்பையில் எடுத்த வட்டத் தகட்டை மேசை மேல் வைத்தார்.

"மருதப்பன், உங்க வட்டம் இந்தா இருக்கு. மத்ததெல்லாம் உங்க தொட்டியிலயே இருக்கு. யாரும் எதையும் விக்கல. நேத்து இவங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"சொன்னேனே, நெஸ்டிங் என்னுது என்னுதுன்னு அதே பழைய சண்டை."

"ஆபீஸ்ல திருட்டுன்னு வந்தா எல்லாரும் என்ன சொல்வாங்க? அது என் டிபார்ட்மென்ட் இல்லம்பாங்க. இங்க மட்டும் ஏன் ரெண்டு பேரும் என்னுதுன்னு முன்னாடி வந்து நிக்கிறாங்க? அது சண்டை இல்லைங்க. ரெண்டு பேரும் குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க. நீங்க வருஷம் பூரா அதே வார்த்தையக் கேட்டுப் பழகினதால உங்களுக்கு அது சண்டையாக் கேட்டுது."

மருதப்பன் மேசை மேல் இருந்த வட்டத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்தபடியே பேசினார். "வட்டம் நான் போட்டதுதான். எப்படியும் வீணாப் போற இடம். மிச்சத் தகடு போறது என் பொண்ணு பண்ணைக்குன்னு ரவூப் பேச்சுல தெரிஞ்சுது. அங்கேயிருந்து அவர் கொண்டு வந்த தொட்டிய அளந்து பாத்தேன், அந்த அளவுல போட்டேன். இவன் மேல பழி வந்ததும் என்னுதுன்னு சொன்னேன். ஏன்னு சொல்லத்தான் வாய் வரல. நான்தான் செய்யறேன்னு தெரிஞ்சா என் பொண்ணு அந்தத் தகட்டைத் தொடக்கூட மாட்டா. அந்த அளவுக்குப் பேசியிருக்கேன் அவளை."

"சரி, வட்டம் மாடியில வந்தது" என்றார் சார். "ஆனா நெருப்பு எங்க துளைக்கணும்னு முடிவு பண்றது பட்டறையில. அந்த கம்ப்யூட்டருக்கு எந்தக் கோட்டைக் கொடுத்தாலும் அது துண்டுன்னு நினைச்சு வெளியில துளைக்கும். முதல் தகட்டுல அப்படித்தான் துளைச்சிருக்கு. அடுத்த தகட்டிலிருந்து ஒவ்வொரு வட்டத்துலயும் யாரோ உக்காந்து கையால மாத்தி, உள்ள துளைக்க வெச்சிருக்காங்க. துண்டு வேண்டாம், ஓட்டைதான் வேணும்னு தெரிஞ்ச ஆள்."

ஆம்ப்ரோஸ் திரும்பி ஜார்ஜைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

ஜார்ஜ் தலையைக் குனிந்துகொண்டான். "முதல் தகடு போன அன்னைக்கு லாரில நானும் இருந்தேன் அங்கிள். அந்த அக்கா தொட்டிய வைக்கும்போது ஓரம் குத்தித் தொட்டி விரிஞ்சுது. கையிலயும் ரத்தம். ஃப்ளாப்பி எடுக்கப் படி ஏறும்போது உங்க ஜன்னல்கிட்ட அதே தொட்டியப் பாத்திருக்கேன். அந்த அக்காவுக்கு உங்க ஜாடை வேற. சரின்னு மறுநாளிலிருந்து மாத்திட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான் என்கூடப் பேச மாட்டீங்களே அங்கிள்."

ஆம்ப்ரோஸ் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இத்தனை நாளும் உலகத்தில் தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த ஆறு பலகை அறையில் உட்கார்ந்து ஒளித்து ஒளித்து வட்டம் போட்டிருக்கிறார் மனிதர். கீழே ஒருத்தன் ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்துப் பார்த்து முடித்து வைத்திருக்கிறான். இவர் அவனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை குட்டிகளை விட்டுவிட்டு வந்து தனியாகக் கிடக்கிற அவன், பெர்மிட்டே போகிற நேரத்திலும் இவரைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"ஜார்ஜ், நீ மெஷினுக்குப் போ" என்றார் மருதப்பன். போனைத் தள்ளி வைத்தார். ஜார்ஜ் கதவு வரைக்கும் போய், ஆம்ப்ரோஸைப் பார்த்துவிட்டுப் போனான்.

"என் சொந்த விஷயத்துக்கு உங்க மெஷினை ஓட்டினேன். தப்புதான்" என்று ஆம்ப்ரோஸ் எழுந்தார். "வயசும் தாண்டிடுச்சு முதலாளி. நான் இன்னையோட நின்னுக்கறேன்."

மருதப்பன் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை. "இனிமே நெஸ்டிங் கீழதான்" என்று மட்டும் சொன்னார்.

"மாடி இல்லேன்னா வட்டமே இருந்திருக்காது. பட்டறை இல்லேன்னா தொட்டி உடைஞ்சிருக்கும். ரெண்டு கம்ப்யூட்டரையும் ஒரே ரூம்ல போட்டிருந்தா உங்களுக்கு நானே தேவைப்பட்டிருக்க மாட்டேன்" என்றார் சார். மருதப்பன் காதில் அது ஏறவில்லை. எனக்கு அந்த ஆள் மேல் கோபம் கோபமாக வந்தது. சார் என் முழங்கையைத் தட்டினார், அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆம்ப்ரோஸை மார்சிலிங்கில் இறக்கிவிடுகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டோம். ஆர்க்கிட் தொட்டியை அவர் மடியில் வைத்துக்கொண்டார். சார் வழியில் பண்ணைப் பக்கம் திருப்பினார்.

"இந்த வழி வேண்டாம் சார்."

"ஒரு சின்ன வேலை. நீங்க இறங்க வேண்டாம்."

கார் நின்றது. ஆம்ப்ரோஸ் இறங்கவில்லை. கண்ணாடியைக்கூட இறக்காமல் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பெட்டி பந்தலுக்குள்ளிருந்து வந்தாள். செடி வாங்க வந்தவர்கள் என்று நினைத்திருப்பாள். பாதி வழியில் நின்றாள். அப்புறம் நேராக வந்து கண்ணாடியைத் தட்டினாள். அவர் மெதுவாக இறக்கினார்.

அவள் அவரைப் பார்த்தாள். மடியில் இருந்த தொட்டியைப் பார்த்தாள். அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"எந்தப் பட்டறைக் குப்பையாவது என் தொட்டி அளவுக்கே ஓட்டை போட்டு வருமா? மருதப்பன் பட்டறைத் தகடுன்னு ரவூப் பாய் சொன்ன அன்னைக்கே தெரியும்" என்றாள். "நீங்களா வந்து சொல்வீங்கன்னு பாத்தேன்."

ஆம்ப்ரோஸ் மடியில் இருந்த தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இப்போ சின்னத் தொட்டி கொஞ்சம் வாங்கியிருக்கேன். உள்ள விழுந்துடுது. அடுத்த தகட்டுல ஒரு விரல் குறைச்சுப் போடுங்கப்பா."

அடுத்த தகடு என்று ஒன்று கிடையாது. அது எனக்குத் தெரியும், சாருக்குத் தெரியும். ஆம்ப்ரோஸ் பின் சீட்டிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே அம்மா என்கிற பார்வை. நான் திறக்கவில்லை.

"எந்தத் தொட்டி? அளவு பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

இருவரும் பந்தலுக்குள் போனார்கள். பக்கத்துப் பக்கத்தில் இல்லை, அவள் முன்னால், அவர் கொஞ்சம் பின்னால். நாங்கள் காரில் காத்திருந்தோம். யாரும் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சார் வண்டியை மெதுவாகப் பின்னால் எடுத்தார். அளவு சொல்லி வேலை வாங்க ஒருத்தி இருக்கிற அந்தப் பெரியவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.